தீ எரியும் இடத்தில் தலைவர் யார்?

தை, மாசி மாதங்களில் நமது வட்டாரத்துத் தோட்டங்களில் சோளத்தட்டுப் போர்கள் எழுந்து நிற்கின்றன. கட்டுத்தரைக்கு அருகில், மாட்டுக்கு எடுத்துப் போட வசதியான தூரத்தில், ஓராண்டுத் தீவனம் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும். மழை ஓய்ந்து, கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து, வெயில் நாளுக்கு நாள் ஏறிவரும் இக்காலத்தில் தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசிக்கு ஓய்வு இல்லை. தீ வராமல் காப்பது எவ்வாறு என்பதைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால் வந்துவிட்ட தீயின் முன்னே, தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரையிலான முதல் அரைமணி நேரத்தில், ஊரார் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும், யார் சொல்ல யார் கேட்க வேண்டும் என்பது பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. அது பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அப்போது பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு சிற்றூர்த் தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சியை முதலில் கூறுகிறேன். பகல் இரண்டு மணி இருக்கும். தட்டுப் போரில் தீப்பிடித்துவிட்டது. கூக்குரல் கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முப்பது நாற்பது பேர் ஓடிவந்தனர். ஆண்களும் பெண்களும் குடங்களையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்கும் போருக்குமாக ஓடினர். அவர்கள் உழைத்த உழைப்பைக் குறை கூற எவராலும் இயலாது. ஆனால் அவர்கள் ஓடிவந்தபோதே அந்தப் போர் பிழைக்கும் நிலையைக் கடந்துவிட்டது. காற்று போரிலிருந்து சாளையை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. கீற்று வேய்ந்த அந்தச் சாளையின் மறுபுறத்தில்தான் கட்டுத்தரை. அங்கே இரண்டு கறவை மாடுகள் தலைக்கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. எல்லோரும் போரின் முன்புறம் நின்றமையால் சாளையின் கூரையில் பொறி விழுந்ததை ஒருவரும் காணவில்லை. மாடுகளை யாரோ அவிழ்த்துவிட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தனர். ஒருவரும் அவிழ்க்கவில்லை.

இதற்கிடையே, மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று நல்லெண்ணத்துடன் ஒருவர் மின்வாரிய ஊழியருக்குச் சொல்ல, அவர் அப்பகுதி முழுவதற்கும் மின்னோட்டத்தைத் துண்டித்தார். அத்துடன் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் நின்றது. தீயணைப்பு வண்டி தார்ச்சாலையைவிட்டு இட்டேரிக்குள் திரும்பியபோது, வேடிக்கை பார்க்க வந்தோரின் இருசக்கர வண்டிகள் இருபுறமும் நின்றன. அவற்றை ஒதுக்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. பின்னர் நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தேன். ஜீப்பைத் தீயணைப்பு வண்டியின் பின்னாலேயே நிறுத்திவிட்டேன்; அதனால் தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் டேங்கர் உள்ளே வர முடியவில்லை. இறங்கியதும் உரத்த குரலில் ஆளுக்கொரு வேலை ஏவத் தொடங்கினேன். நிலைய அலுவலர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “ஐயா, யாராச்சும் ஒருத்தர் மட்டும் சொல்லட்டுங்க” என்றார். எனக்கு நாணமாகிவிட்டது. மாலைக்குள் போர், சாளை, மாடுகள் இரண்டு, எல்லாம் போயின. மனித உயிர்ச்சேதம் இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். அந்தக் குடும்பத்தின் வரவு அவ்விரண்டு மாடுகளின் பாலில்தான் இருந்தது என்பதை எழுத அறிக்கையில் இடம் இல்லை.

அன்று தொட்டியில் நீர் இருந்தது. உதவிக்கு ஆட்கள் வேண்டிய மட்டும் இருந்தனர். தீயைச் சுற்றிவந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்த்ததைக் கொண்டு பிறரை ஏவ ஒப்புக்கொள்ளப்பட்ட தலைவரும் இல்லை.

பம்பாயில் நடந்தது

இஃது ஏதோ பட்டிக்காட்டுக் குறை என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் தீயணைப்புப் பணி நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944ஆம் ஆண்டு அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிப்பொருள்களும், ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியில் தீப்பிடித்தால் அது எவ்வாறு உள்ளே கனன்று கனன்று செல்லும் என்பதை, ஜின்னிங் ஆலைகளை அறிந்த நமது பகுதியினருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நண்பகலுக்குப் பின் கப்பலிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து நீரைப் பாய்ச்சினர். கப்பல் தலைவர், துறைமுக அதிகாரிகள், வெடிப்பொருள் அறிந்த இராணுவ அலுவலர், தீயணைப்பு அதிகாரிகள் என எல்லோரும் அங்கு இருந்தனர். கப்பலைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கச் செய்வதா, நீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை கூறினர். ‘இதுதான் முடிவு’ என்று சொல்லத் துணிந்தவர், சொன்னால் மற்றவர் அனைவரும் கேட்கக்கூடியவர், ஒருவரும் இல்லை. மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. தீயணைப்புப் படையினர் 66 பேர் அவ்விடத்தில் மாண்டனர். பொதுமக்களில் இறந்தவர் பல நூற்றுவர்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு பெருங்காட்டுத் தீ மூண்டது. பதின்மூன்று நாட்களில் 16 உயிர்களும், 700 கட்டடங்களுக்கு மேலும் அழிந்தன. அங்கு வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பல துறையினர் பல ஊர்களிலிருந்து வந்தபோது, ஒரு துறையின் சொல் மற்றொரு துறைக்கு விளங்கவில்லை. யாருக்கு யார் தலைவர் என்பதும் தெளிவாயில்லை. பின்னர் அத்துறைகள் ஒன்றுகூடி ஆராய்ந்து ஒரு முறையை வகுத்தன. எந்த நிகழ்விடத்திலும் தலைவர் ஒருவரே. ஒவ்வொருவருக்கும் ஏவுபவர் ஒருவரே. ஒருவர் நேரடியாக மேற்பார்க்கும் ஆட்கள் ஏறக்குறைய ஐவர், மிஞ்சினால் எழுவர். இம்மூன்றுமே அம்முறையின் அடிப்படை. நமது நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010ஆம் ஆண்டு இதனை நமது நிர்வாகத்துக்கு ஏற்ப அமைத்து வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு அலுவலர் ஆட்சித்தலைவர். அவருக்குக் கீழே களத்தில் நிகழ்வுத் தலைவர் ஒருவர். தீயோடு நேரே போராடுவோர், அடுத்து நிகழக்கூடியதைக் கணித்துத் திட்டமிடுவோர், உணவு, எரிபொருள், வாகனம் முதலியவற்றை வழங்குவோர் எனப் பிரிவுகள் அவருக்குக் கீழே இயங்கும். வட்டார அளவு வரையில் இத்தகைய குழுக்களை முன்னதாகவே பெயர் குறித்து அமைத்து வைக்க வேண்டும் என்று அவ்வழிகாட்டி கூறுகிறது.

இத்தகைய ஒழுங்கு எதற்காக என்பதை நமது மாவட்டத்திலேயே கண்டோம். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், மதுக்கரை வனச்சரகத்தில் ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் மலைப்பகுதியில் தீ பல நாட்கள் எரிந்தது. வனத்துறையினர், தீயணைப்புப் படையினர், உள்ளூர் மக்கள் ஆகியோருடன், சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டரும் வந்தது. அது மலம்புழை அணையில் நீரை மொண்டு கொண்டுவந்து மலைமீது ஊற்றியது. மேலேயிருந்து நீர் விழும் இடத்தில் கீழே ஆட்கள் நிற்கலாகாது. ஆகவே வானத்தில் இருப்பவரும், சரிவில் பச்சைக் கிளையோடு நிற்பவரும் ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டாலன்றி அவ்வேலை நடவாது.

குடம் தூக்காத ஒருவர்

சிற்றூருக்கு இத்துணை ஏற்பாடு தேவையில்லை. தலைவர் ஒருவரும் நான்கைந்து பொறுப்பாளர்களும் போதும். தலைவர் யார்? ஊராட்சித் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் அன்று கோவைக்குப் போயிருக்கலாம். வார்டு உறுப்பினராகவோ, மேல்நிலைத் தொட்டியை இயக்குபவராகவோ, ஓய்வுபெற்ற படைவீரராகவோ இருக்கலாம். பகலில் ஊரில் இருப்பவராகவும், எல்லாத் தோட்டங்களுக்கும் வழி அறிந்தவராகவும், எக்கட்சியாரும் எச்சாதியாரும் ஒப்புக்கொள்ளும் குரலுடையவராகவும் இருந்தால் போதும். இக்கடைசித் தகுதியை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். தீ எரியும்போதும் ‘அவன் சொல்லி நான் கேட்பதா’ என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தீ எரியாத நாளிலேயே, கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் இருவர் மூவர் பெயரை வரிசையாகக் குறித்துக்கொள்ளுதல் நன்று. முதலாமவர் இல்லாவிடில் இரண்டாமவர் தலைவர்.

தலைவருக்குரிய முதல் விதி, அவர் குடத்தைக் கையில் எடுக்கலாகாது என்பதாகும். கேட்போர் இதனை ஏற்பதில்லை; எல்லோரும் ஓடியாடும்போது ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பது நமது ஊரில் பழிச்சொல்லுக்கு இடமாகும். ஆனால் குடத்தைத் தூக்கியவருடைய கண்ணுக்குக் குடமும் எதிரேயுள்ள தீயும் மட்டுமே தெரியும். அவர் நின்று பார்த்தால்தான் காற்று மாறுவதும், கூரையில் பொறி விழுவதும், ஒரு கிழவர் மட்டும் கூட்டத்தில் காணப்படாததும் புலப்படும். சுற்றிப் பார்த்து முடித்ததும் அவர் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓரிடத்தில் நிற்க வேண்டும். தலையில் ஒரு சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டாலும் போதும். செய்தி அவரிடம் வந்து சேர வேண்டும்; அவர் செய்தியைத் தேடி அலையலாகாது.

ஏவும்போது ‘யாராவது மாட்டை அவிழ்த்துவிடுங்கள்’ என்று பொதுவாகக் கூவுவதில் பயனில்லை. மேற்கூறிய தோட்டத்தில் அவ்வாறு கூவியவர்கள் பலர். ‘நீங்களும் உங்கள் தம்பியும் கட்டுத்தரைக்குப் போங்கள், அவிழ்த்து மேற்குத் தோட்டத்தில் விட்டுவிட்டு, என்னிடம் வந்து சொல்லுங்கள்’ என்று ஆளைக் காட்டி, வேலையைக் காட்டி, முடிந்ததும் வந்து கூறுமாறு பணிக்க வேண்டும். வந்து கூறும் வரையில் அவ்வேலை முடிந்ததாகத் தலைவர் கொள்ளலாகாது.

சுற்றிப் பார்த்தல்

தீயின் நான்கு பக்கமும் பார்த்த பின்னரே நீரை எங்கு ஊற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் முதன்முதலாக அறிய வேண்டியது உள்ளே யாரேனும் இருக்கின்றனரா என்பதே. வீட்டாரை ஓரிடத்தில் நிறுத்தி எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் பள்ளிச் சமையற்கூடத்துக் கீற்றில் பற்றிய தீ மேல்மாடிக் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. கீற்றுக்குக் கீழே மனிதர் இருக்கும்போது காலம் நிமிடக் கணக்கில்கூட இல்லை என்பதை அந்நாள் காட்டியது.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வீசும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் எவ்வளவு வலிமையுடையது என்பதைக் காற்றாலைகளே சொல்லும். அக்காலத்தில் தீ கிழக்கே ஓடும் என்று முன்கூட்டியே கூறிவிடலாம். பங்குனி, சித்திரையில் அவ்வாறு கூற முடியாது; நண்பகலில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வீசும். புகை சாயும் திசையைப் பார்த்து, அத்திசையில் அடுத்து எரியக்கூடியது எது என்று கண்டு, அதனை முதலில் நனைக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் போரில் ஊற்றும் நூறு குடத்தைவிட, இன்னும் எரியாத சாளைக் கூரையில் ஊற்றும் பத்துக் குடம் பயன் தரும். எதைக் கைவிடுவது என்று முடிவு செய்வதுதான் தலைவருக்குக் கடினமான வேலை. போருக்கு உரியவர் பக்கத்திலே நின்று அழுதுகொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தவாறே, ‘இந்தப் போரை விட்டுவிடுவோம்’ என்று சொல்லும் திண்மை வேண்டும்.

எரிவது எத்தகைய பொருள் என்பதையும் நோக்க வேண்டும். 2024 ஏப்ரலில் கோவை மாநகரின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் எரிந்த தீ, பல வண்டிகள் இரவும் பகலும் நீர் பாய்ச்சியும் பல நாட்கள் நீடித்தது. குப்பை மேட்டின் தீ மேற்பரப்பில் இல்லாமல் அடியாழத்தில் கனன்றுகொண்டிருப்பதே அதன் காரணம். மேலே ஊற்றும் நீர் அங்கு சென்று சேர்வதில்லை. மேட்டை இயந்திரத்தால் கிளறிப் பிரித்து நனைக்கவும், மண்ணிட்டு மூடவும் வேண்டியிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து மஞ்சி மில்களின் நார்த்தூள் குவியலும், நெருக்கி அடுக்கிய வைக்கோற்போரும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. சுவாலை அடங்கியதும் எல்லோரும் வீடு திரும்ப, நள்ளிரவில் மீண்டும் பற்றிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் மண்வாரி இயந்திரம் வைத்திருப்பவருக்கு முதலிலேயே சொல்லியனுப்புவதும், இரவுக் காவலுக்கு இருவரை நிறுத்துவதும் தலைவரின் கடமை. ஆனால் கனலும் குவியலின் மேல் ஆள் ஏறலாகாது. உள்ளே வெந்து குழிவிழுந்திருக்கும் மேற்பரப்பு காலடியில் சரிந்துவிடும்.

பூச்சிமருந்து வைத்திருந்த அறை எரிந்தால் அப்புகை நஞ்சு. காற்றுக்கு மேற்புறம் விலகி நிற்பதும், கூட்டத்தை விலக்குவதும் தவிர ஊரார் அங்கு செய்யத்தக்கது ஒன்றுமில்லை. எரியும் வீட்டுக்குள் எரிவாயு உருளை அகப்பட்டுவிட்டதென்றால் எவரையும் உள்ளே செல்லவிடாமல், சுவர் மறைவில் தொலைவாக நிறுத்த வேண்டும். டீசல், எண்ணெய் ஆகியவற்றின் மீது குடத்து நீரை வீசினால் தீ மிதந்து பரவும். மணலே அதற்கு ஏற்றது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கம்பி அறுந்து விழுந்திருந்தால் அந்த மின்மாற்றியிலிருந்து வரும் ஓட்டம் முழுவதையும் நிறுத்தச் சொல்லியே ஆக வேண்டும். மின்வாரியத்தார் ‘நிறுத்தியாயிற்று’ என்று கூறும் வரையில் அருகே செல்லலாகாது. கம்பி அறாமல் வீட்டில் மட்டும் தீ என்றால், பாதுகாப்பாக நெருங்க முடியுமாயின், அவ்வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தால் போதும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். இவ்விரண்டில் எது என்பதை நேரில் பார்த்தவர்தான் முடிவு செய்ய இயலும். ஆளுக்கொருவர் மின்வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினால், நான் கண்டதுபோல் நீரும் நின்றுபோகும். மின்மாற்றியின் கைப்பிடியை ஊரார் தாமே இழுத்தல் கூடவே கூடாது.

கொறங்காட்டுத் தீயிலும் மலையடிவாரத் தீயிலும் பார்க்க வேண்டியது நிலத்தின் சரிவு. நெருப்பு மேட்டை நோக்கி விரைந்து ஏறும். சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது அனுபவக் கணக்கு. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை நமது பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மலையேறச் சென்ற 36 பேரில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தவரும் இருந்தனர். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ சூழ்ந்தபோது அவர்கள் சிதறிப் பல திசைகளில் ஓடினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புல்தீயை அணைக்கச் செல்வோர் அதன் முகத்துக்கு நேராகவோ, மேட்டின் மேலிருந்தோ இறங்கலாகாது. ஏற்கெனவே எரிந்து கருகிய தரையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து வேப்பங்கிளையால் அடித்துக்கொண்டே முன்னேற வேண்டும். தப்ப வேண்டுமானால் கருகிய அந்நிலமே புகலிடம். புல் செதுக்கிச் சுத்தமாக வைக்கப்பட்ட இட்டேரி ஒன்று இருந்தால் சிறு தீ அதனைத் தாண்டுவது அரிது. முட்புதர் மண்டியிருந்தால் அதே இட்டேரி திரியாகிவிடும்.

நூறடிக் கிணறும் தீயணைப்பு வண்டியும்

பக்கத்தில் கிணறு இருக்கிறது, நிறைய நீர் இருக்கிறது என்று வண்டி வந்ததும் பெருமிதத்துடன் காட்டுவோர் உண்டு. ஆனால் தீயணைப்பு வண்டியின் பம்பு நீரை உறிஞ்சி எடுப்பது. காற்றழுத்தத்தின் துணையால் மட்டுமே அது நீரை மேலே ஏற்ற முடியும். கணக்கின்படி 34 அடியும், நடைமுறையில் இருபத்தைந்து அடிக்குச் சற்றுக் குறைவாகவும்தான் அதன் எல்லை. நமது முன்னோர் கிணற்றின் பாதியில் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்ததும் இக்காரணத்தாலேயே. எண்பதடி, நூறடி ஆழத்தில் நீர் கிடக்கும் நமது பாறைக் கிணறுகள் தீயணைப்பு வண்டிக்கு இருந்தும் இல்லாதனவே ஆகும். வண்டியில் வருவதோ சாதாரணமாக ஏறத்தாழ 4,500 லிட்டர். முழு வேகத்தில் பாய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வண்டி நீர் நிரப்ப எட்டு மைல் போய் வந்தால் அதற்குள் தீ மீண்டெழும்.

ஆகவே, தன் ஊரில் கைக்கெட்டும் மட்டத்தில் நீர் எங்கு உள்ளது என்பதை ஊராட்சி முன்னதாகவே அறிந்து வைத்திருக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்காகக் கட்டிய தரைத் தொட்டிகள், மீன் வளர்க்கும் குட்டைகள், கோழிப்பண்ணைத் தொட்டிகள் ஆகியன மிகவும் பயன்படும். பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்காலும் கீழ்பவானி வாய்க்காலும் முறைப்படி திறந்து மூடப்படுவன. ஆதலால் தீப்பருவத்தில் அவற்றை மட்டும் நம்பியிருக்க இயலாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் தரும் நோக்குடையது. அத்திட்டத்துக் குட்டைகளின் கரைக்கு வண்டி செல்லும் வழி உண்டா என்று பார்த்து வைப்பதும் நன்று. 30,000 லிட்டரும் 60,000 லிட்டரும் கொள்ளும் நமது மேல்நிலைத் தொட்டிகளின் அடியில், தீயணைப்புக் குழாய் பொருந்தும் 63 மில்லிமீட்டர் இணைப்பு ஒன்றை வால்வுடன் அமைத்துவிட்டால், பம்பின் உதவியின்றியே வண்டி நிரம்பும். இதற்காகும் செலவு சிறிது. எவ்வகை இணைப்பு என்பதை நிலைய அலுவலரிடம் கேட்டே செய்ய வேண்டும். தண்ணீர் டேங்கர் வைத்திருக்கும் டிராக்டர்காரர்களின் தொலைபேசி எண்களைத் தலைவர் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

பொறுப்பை ஒப்படைத்தல்

101 அல்லது 112 எண்ணுக்கு அழைக்கும்போதே, இன்ன ஊர், இன்ன தோட்டம், தார்ச்சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எரிவது யாது, உள்ளே ஆள் உண்டா என்பனவற்றைச் சொல்லி, திருப்பத்தில் ஓர் ஆள் நிற்பான் என்றும் சொல்ல வேண்டும். அவ்வாறு நிற்கும் ஆளின் வேலை வழிகாட்டுவது மட்டுமன்று. இட்டேரிக்குள் வேறு வண்டி எதுவும் நுழையவிடாமல் தடுப்பதும் அவன் வேலையே. தடுக்கப்பட வேண்டிய வண்டிகளில் அதிகாரிகளின் ஜீப்பும் அடங்கும்.

வண்டி வந்து நின்றதும் ஊர்த்தலைவர் நிலைய அலுவலரை எதிர்கொண்டு, தாம் அறிந்தவற்றை ஒரு நிமிடத்தில் கூற வேண்டும்: எல்லோரும் எண்ணப்பட்டனரா, மின்சாரம் எவ்விடத்தில் நிறுத்தப்பட்டது, எரிவாயு உருளையும் பூச்சிமருந்தும் எங்குள்ளன, தீ எத்திசையில் நகர்கிறது, அடுத்த நீர் எங்கே. அக்கணம் முதல் கட்டளை நிலைய அலுவலருடையது. 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டமும், தீ நிகழ்விடத்தில் கூட்டத்தை விலக்கவும், வழியை அடைக்கவும், வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கவும் அவருக்கே அதிகாரம் அளித்தது. ஊர்த்தலைவர் அவர் அருகிலேயே நின்று, அவர் வேண்டுவதைத் தம் ஆட்களைக் கொண்டு செய்விக்க வேண்டும். பின்னர் வட்டாட்சியர் வரலாம், மக்கள் பிரதிநிதிகள் வரலாம், என்னைப்போல் வட்டார வளர்ச்சி அலுவலர் வரலாம். பதவியில் உயர்ந்தவர் வந்ததனால் மட்டும் கட்டளை கைமாறுவதில்லை. வந்தவர் செய்யத்தக்கது, நிலைய அலுவலரிடம் சென்று ‘தங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பதே. பெரும்பாலும் மண்வாரி இயந்திரமோ, கூடுதல் டேங்கரோ, ஆம்புலன்சோ, குடிநீரோ வேண்டியிருக்கும்.

குடியரசு நாளான ஜனவரி 26இல் நடைபெறும் கிராம சபை, தீப்பருவத்துக்குச் சற்று முன்னர் வருகிறது. தலைவர், துணைத்தலைவர் பெயர்களையும், மாடு, நீர், மின்சாரம், வழி, ஆள் எண்ணிக்கை ஆகியவற்றுக்குரிய பொறுப்பாளர் பெயர்களையும் அன்றே தீர்மானமாக எழுதி, ஒரு படியைத் தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீயணைப்புப் பணி வாரத்தில் நிலையத்தார் ஊர்களுக்கு வந்து செய்முறை காட்டுவர். அதற்காகக் காத்திராமல் மாசியிலேயே நிலைய அலுவலரை ஒருமுறை அழைத்து, இட்டேரிகளைச் சுற்றிக் காட்டுதல் மேலானது. வண்டியின் அகலம் ஏறத்தாழ எட்டடி. திருப்பங்களில் இன்னும் கூடுதலாக இடம் வேண்டும். அவருடன் ஓர் அளவு நாடாவும், எல்லாத் தோட்டங்களையும் அறிந்த ஊர்க்காரர் ஒருவரும் சென்றால், எந்தத் தோட்டத்துக்கு வண்டி போகும், எதற்குப் போகாது, எங்கே வேலியை ஓரடி உள்ளே தள்ள வேண்டும் என்பது ஒரே காலைப்பொழுதில் தெரிந்துவிடும்.